நீ எந்த ஊர் ராஜா?

குயின் குழுவின் 'போஹீமியன் ராப்சொடி' 1975 அக்டோபர் 31 அன்று இங்கிலாந்தில் வெளிவந்தது. நீளம் 5 நிமிடம் 55 நொடி. ரேடியோவில் மூன்று, மூன்றரை நிமிடப் பாட்டுகள் ஓடிக்கொண்டிருந்த காலம். இதை யார் போடுவார்கள் என்று ரெக்கார்டு கம்பெனிக்கே சந்தேகம். பியானோவில் மெதுவாகத் தொடங்கி, நடுவில் ஆபராவாக மாறி, ராக்காக வெடித்து, கடைசியில் முணுமுணுப்பாக அடங்கும் பாட்டு. திரும்பத் திரும்ப வரும் பல்லவி கிடையாது. லண்டன் ரேடியோ அறிவிப்பாளர் கென்னி எவரெட்டிடம் 'போடக் கூடாது' என்று சொல்லி ஒரு பிரதியைக் கொடுத்தார்கள். அவர் இரண்டே நாளில் பதினான்கு முறை போட்டார். பிறகு ஒன்பது வாரம் அதுதான் பட்டியலில் முதலிடம். விமர்சகர்களில் சிலர் மட்டும் இது வெறும் பகட்டு என்றார்கள்.

பகட்டு என்பதில் பொய்யில்லை. கிளாம் ராக் என்ற வகையே அதுதான். எழுபதுகளின் தொடக்கத்தில் மார்க் போலன், டேவிட் போவி போன்றவர்கள் முகத்தில் மினுமினுப்புப் பூசி, குதிகால் உயர்ந்த பூட்ஸ் போட்டு மேடையேறினார்கள். குயினும் அந்த அலையில் வந்த குழுதான். ஆண்கள் கண்ணுக்கு மை தீட்டுவதா என்று அங்கே முகம் சுளித்தவர்கள் உண்டு. வாலாஜாபாத்காரனுக்கு இதில் அதிர்ச்சியாக ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து நடக்கும்போது, பகலெல்லாம் உழைத்த ஆள் ராத்திரி அரிதாரம் பூசி, கண்ணாடிச் சில்லு ஒட்டிய கிரீடத்தோடு வருவார். திரௌபதியும் ஆண்தான். உச்சக் குரலில் விடியவிடியப் பாடுவார்.

இந்தப் பாட்டை அப்பாவுக்குப் போட்டுக் காட்டியது போன வருஷம். அவர் முப்பது வருஷத்துக்கு மேல் பட்டுத் தறியில் உட்கார்ந்தவர். முதல் இரண்டு நிமிடம் சும்மா கேட்டார். ஆபரா வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னாடா, ஊரே சேந்து பாடுது?"

"மூணே பேருப்பா. அவங்களே திரும்பத் திரும்பப் பாடி, ஒண்ணு மேல ஒண்ணா பதிஞ்சது."

இருபத்து நான்கு தடம் கொண்ட டேப். இடம் போதாமல் போக, பாடியதையெல்லாம் கலந்து ஒரு தடத்துக்கு மாற்றி, காலியான இடத்தில் மறுபடி பாடுவார்கள். ஃபிரெட்டி மெர்க்குரி, பிரையன் மே, ரோஜர் டெய்லர் மூவரும் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இதற்காகவே பாடினார்கள். அப்பா கொஞ்சம் யோசித்துக் கேட்டார்: "அத்தினி வாட்டி ஓட்டுனா இழை தேஞ்சு பூடாதா?"

தேய்ந்துதான் போனது. டேப்பின் மேல்பூச்சு உதிர்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிகிற அளவுக்கு ஆகிவிட்டதாம். இந்தப் பாட்டைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையையும்விட அப்பாவின் கேள்வி எனக்குப் பெரிதாகப் பட்டது. கோர்வைப் புடவையில் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா. சேரும் இடத்தில் ஒரு இழை பிசகினாலும் தெரிந்துவிடும். பகட்டுக்குப் பின்னால் எவ்வளவு முதுகுவலி இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பாட்டுக்குக் கிடைத்த வரவேற்பில் இன்னொரு பாதி, பாடியவரைப் பற்றியது. ஃபிரெட்டியின் இயற்பெயர் ஃபாரோக் புல்சாரா. பார்சிக் குடும்பம், 1946இல் சான்சிபாரில் பிறந்தவர். எட்டு வயதில் மகாராஷ்டிராவின் பஞ்ச்கனிக்குப் படிக்க வந்தார். விடுதிப் பள்ளியில் கூடப் படித்தவர்கள்தான் அவரை 'ஃபிரெட்டி' ஆக்கினார்கள். 'மெர்க்குரி' அவரே வைத்துக்கொண்டது. புகழ் வந்த பிறகு இந்தியாவைப் பற்றி அதிகம் பேசியதில்லை. 1991 நவம்பர் 24 அன்று எய்ட்ஸ் நோயால் இறந்தார். அதற்கப்புறம் பாட்டு மறுபடி வெளியாகி மறுபடி முதலிடம் பிடித்தது. இன்று நம் ஆட்கள் இரண்டு கட்சி. 'நம்மாளுடா' என்று மார்தட்டுகிறது ஒன்று; 'வேரை மறைத்தவன்' என்று குறை சொல்கிறது இன்னொன்று.

எனக்கு இரண்டும் ஒட்டவில்லை. கூத்தில் ராஜா திரைக்குப் பின்னால் நிற்கும்போது கட்டியக்காரன், நீ யார், எந்த நாடு என்று கேட்பான். அவர் துரியோதனன் என்பார், அஸ்தினாபுரம் என்பார். ஆள் யாரென்று ஊருக்கே தெரியும். ஆனாலும் எவரும் அதை மறைப்பு என்று சொல்வதில்லை. வேஷம் அவர் கட்டியது. விடியும்வரை அந்தப் பெயர் அவருடையது. 'வேர்' என்பதும் அப்படியொன்றும் நேரானதல்ல. எங்கள் ஊர்ப் பெயரே ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் பட்டத்தோடு 'ஆபாத்' என்ற பாரசீகச் சொல் ஒட்டியது. புல்சாராவின் முன்னோர்கள் கப்பலில் கொண்டுவந்ததும் பாரசீகம்தான்.

ஆனால் யார் கட்டிவிட்ட வேஷம் என்பது முக்கியம். என் முதல் வேலையில், கிளையண்ட் வாயில் நுழையாது என்று என் பெயரை இரண்டு எழுத்தாக வெட்டினார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஐந்து வருஷம் அந்த இரண்டெழுத்து ஆள்தான் எல்லா காலிலும் பேசினான், பாராட்டு மெயில்களும் அவனுக்குத்தான் வந்தன. அதில் ஒன்றைக்கூட அப்பாவிடம் காட்ட எனக்குத் தோன்றியதில்லை. 'மெர்க்குரி'க்கும் எனக்கும் இடையில் இருக்கும் தூரம் இதுதான்: அவர் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தானே பூசிக்கொண்டார்.

இப்போது வேறு கம்பெனி. முதல் காலிலேயே முழுப் பெயரையும் எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அந்தப் பக்கம் ஒருவர் மூன்று தடவை முயன்றார், நான்காவதில் சரியாக வந்தது. அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.