கெவலார் மாதாவும் அம்மம்மாவின் கொப்பியும்

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஜெர்மனியின் கெவலார் என்ற சின்ன ஊர் தமிழ் ஊராக மாறிவிடும். நெதர்லாந்து எல்லை பக்கத்தில்தான். பிரான்ஸ், சுவிஸ், டென்மார்க் என்று எல்லா இடத்திலிருந்தும் நம் ஆட்கள் ஆயிரக்கணக்கில் வருவார்கள். சைவக்காரரும் குறைவில்லை. சின்ன வயதில் எனக்கு கெவலார் என்றால் சோற்றுப் பார்சலும், ஒளித்துப் பிடித்து விளையாட வரும் மச்சாள்மாரும்தான். இப்போது என் 11 வயது மகளோடும் அம்மாவோடும் போகிறேன்.

முதல் தடவை போகிறவர்கள் கொஞ்சம் ஏமாந்து போவார்கள். பெரிய திருச்சொரூபம் ஒன்றைத் தேடுவார்கள். அங்கே இருப்பது உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு கடதாசிப் படம். லக்சம்பர்க் மாதாவின் அச்சுப்படம். 'துயருறுவோருக்கு ஆறுதல்' என்பது அந்த மாதாவின் பெயர். ஹென்ட்ரிக் புஸ்மன் என்ற சில்லறை வியாபாரி 1641 நத்தார் காலத்தில் வழியோரச் சிலுவையடியில் செபித்தபோது, இங்கே எனக்கு ஒரு சிற்றாலயம் கட்டு என்ற குரலைக் கேட்டாராம். ஐரோப்பா முழுக்க முப்பதாண்டுப் போர் நடந்த காலம். இரண்டு போர்வீரர்கள் விற்கக் கொண்டுவந்த படம் அது. விலை கூட என்று அவருடைய மனைவி முதலில் வாங்கவில்லை. கடைசியில் 1642 ஜூன் 1ஆம் திகதி அந்தப் படம் அங்கே வைக்கப்பட்டது. இப்போதுள்ள ஆறுபக்கச் சிற்றாலயம் 1654இல் எழுந்தது.

இதில் எனக்குப் பிடித்த விசயம் ஒன்று உண்டு. அந்த நாளில் நெதர்லாந்தில் கத்தோலிக்கர் வெளிப்படையாக வழிபட முடியாது. அதனால் எல்லை தாண்டி கெவலாருக்கு வந்தார்கள். அதே நூற்றாண்டில்தான் ஒல்லாந்தருக்குப் பயந்து மாந்தையிலிருந்து நம் ஆட்கள் மாதாவின் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு மடுக் காட்டுக்குள் போனார்கள். இரண்டு இடமும் ஓடிவந்தவர்களின் இடம். நம் அம்மா அப்பா ஏன் இங்கே வந்து இப்படி அழுதார்கள் என்று சின்னனில் விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது.

சிற்றாலயத்துக்குப் பக்கத்தில் மெழுகுதிரி ஆலயம். உள்ளே சுவர் முழுக்க, யாத்திரைக் குழுக்கள் கொண்டுவந்த பெரிய பெரிய மெழுகுதிரிகள். வெளியே நாங்கள் சின்னத் திரிகளைக் கொளுத்தினோம். அம்மாவுக்குக் கண் பார்வை குறைந்துவிட்டது. கைப்பையிலிருந்து பழைய கொப்பி ஒன்றை எடுத்து மகளிடம் கொடுத்தார். ஒவ்வொரு பேராக வாசிக்கச் சொன்னார். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் முணுமுணுக்கிறவள் அன்றைக்கு உரத்து வாசித்தாள்.

சொந்தக்காரர், செத்துப்போனவர்கள், டயாலிசிஸ் செய்கிற பக்கத்து வீட்டு ஜெர்மன்காரி, விசாவுக்குக் காத்திருக்கிற ஒரு பொடியன். பிறகு ஒரு வரியில் நின்றுவிட்டாள்.

"அம்மம்மா, 'ஏஜென்சிக்காரன்' எண்டா ஆர்?"

எனக்குத் திக்கென்றது. 1990களில் மாமாவை வெளிநாட்டுக்கு அனுப்பத் தாத்தா காணியை ஈடுவைத்துக் காசு கட்டினார். அந்த ஆள் மாமாவை மாஸ்கோவில் ஓர் அறையில் விட்டுவிட்டு மறைந்துபோனான். மாமா வந்து சேர 14 மாதம் ஆனது. காணி போனது. மகன் வந்துவிட்டான் என்ற செய்தியைக் கேட்கத் தாத்தா இருக்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

"அவன் எங்களை ஏமாத்தினவன் பிள்ளை. பேர் என்ரை வாயிலை வராது. அதுதான் அப்பிடி எழுதி வைச்சிருக்கிறன்."

"பிறகேன் அவனுக்கு மெழுகுதிரி?"

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "முதல் அஞ்சாறு வருசம் அவன் நாசமாப் போகோணும் எண்டுதான் இதிலை நிண்டு கேட்டனான். பாவசங்கீர்த்தனத்திலை சொல்ல, சாமியார் அவனுக்காகச் செபிக்கச் சொன்னார். எனக்குக் கோவம். செபம் வரேல்லை. கொப்பியிலை மட்டும் எழுதினனான். இப்ப அவனுக்கும் வயசு போயிருக்கும். பிள்ளையள் இருக்குங்கள்."

"அவன் திருந்திட்டானா?"

"ஆருக்குத் தெரியும்?"

மகள் விடவில்லை. கடவுளுக்கு எல்லாம் தெரியும் என்றால் நாங்கள் ஏன் சொல்லவேணும் என்று கேட்டாள். "அவருக்குத் தெரியும். எனக்குத்தான் மறந்துபோகும்" என்றார் அம்மா.

திரும்பும் வழியில் நற்செய்தியில் வரும் அந்த நாலு பேரை நினைத்தேன். நடக்க முடியாத ஒருவனைக் கட்டிலோடு தூக்கிவந்து, சனநெரிசலில் வழியில்லை என்றதும் கூரையைப் பிரித்து இறக்கினார்கள். இயேசு பார்த்தது அவர்களுடைய விசுவாசத்தை என்று மாற்கு எழுதுகிறார். மற்றவருக்காக மன்றாடுவது என்றால் கட்டிலின் ஒரு மூலையைப் பிடிப்பதுதான். அன்புள்ளவரைத் தூக்குவது பெரிய காரியமில்லை. எங்களைக் கெடுத்தவனின் கட்டிலையும் தூக்கச் சொல்லுகிறது கிறிஸ்தவம். அம்மா அதைக் கோபத்தோடுதான் தொடங்கினார். செபம் வராத வருசங்களிலும் அந்த வரியை வெட்டவில்லை. அந்தக் காசும் காணியும் திரும்பி வரவில்லை. ஆனால் மாமாவின் கதையைத் தன் பேத்திக்குக் கை நடுங்காமல் சொல்ல அம்மாவால் முடிந்தது. என்னால் இன்னும் முடியாது.

நம் பிள்ளைகளுக்கு நீண்ட செபங்கள் தமிழில் வாயில் வருவதில்லை என்று கவலைப்படுகிறோம். பேர்கள் வரும். இரவில் படுக்க முன் ஆளுக்கு மூன்று பேர் சொல்லச் சொல்லுங்கள். மூன்றாவது, பள்ளிக்கூடத்தில் தங்களோடு கோபமாயிருக்கிற பிள்ளையின் பேராக இருக்கட்டும். எங்கள் வீட்டில் தொடங்கியிருக்கிறோம். சில நாள் மகள் மூன்றாவது பேரைச் சொல்லாமலே படுத்துவிடுவாள். நான் வற்புறுத்துவதில்லை.

அன்றைக்கு அந்தத் திரியைக் கொளுத்தியது அவள்தான். காற்றில் இரண்டு தரம் அணைந்தது. மூன்றாம் தரம் நான் கையால் மறைத்துப் பிடித்தேன்.