ஒரு உலைச் சோறு

மதுரை அரசரடியில் 1969இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் சேரும்வரை, பறை என்றால் எனக்குச் சாவு வீட்டு ஞாபகம்தான். அங்கே வழிபாட்டிலேயே பறை ஒலித்தது. காரணம் தியோபிலஸ் அப்பாவு. 2005இல் மறைந்த அவரைப் 'பரட்டை அண்ணன்' என்றால்தான் பலருக்குத் தெரியும். நாட்டுப்புற மெட்டில் பாட்டுக் கட்டுவார். தனி அடுப்புகளை விட்டு எல்லோரும் சேர்ந்து சமைத்து உண்ணும் 'ஒரு உலை'தான் அவருடைய இறையியல். கேட்பதற்கு எளிது.

படிப்பின் நடுவே வளாகத்தை விட்டுக் குடிசைப் பகுதியில் தங்க வேண்டும். எனக்கு வாய்த்தது ஒரு தலித் குடும்பத்தின் திண்ணை. "எங்க வீட்டுக் காபி குடிப்பீங்களா தம்பி?" என்றார் அந்த அக்கா. குடித்தேன், ஒரு நொடி தயங்கிவிட்டு. அவர் அதைக் கவனித்துவிட்டார். அதுவரை நீதியைப் பற்றி எத்தனை கட்டுரை எழுதியிருப்பேன்!

உலை வைக்கும்போதெல்லாம் அக்கா ஒரு பிடி அரிசியைக் கோயிலுக்கு எடுத்து வைப்பார். மாதக் கடைசியில் பானை காலியாகும்போதும் அது நிற்கவில்லை. எனக்கும் அதே உலையில்தான் சோறு.

விடுமுறையில் அம்மாவிடம் இதைச் சொன்னேன். நாங்களும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்கள்தான். அம்மா பதில் பேசவில்லை. சாப்பிட்டு முடித்ததும் என் தட்டை மட்டும் தனியாகக் கழுவி வைத்தார்.