வங்கியின் படியேறத் தயங்குவோர்

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் இல்லம் மந்திரிக்கச் செல்லும்போதெல்லாம் நாம் ஒன்றைக் கவனித்து வருகிறோம். பயிர்க்கடனைப் பற்றித் திண்ணையில் அமர்ந்து உரக்கப் பேசுவோர், பிள்ளையின் கல்விக் கடனைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. வங்கியிலிருந்து வந்த கடிதங்கள் மாதா சுரூபத்துக்குப் பின்னால் பிரிக்கப்படாமலே கிடக்கின்றன.

இதற்குக் காரணம் நாணம் மட்டுமன்று. 2021-இல் தமிழக அரசு கூட்டுறவுப் பயிர்க்கடன் ரூ. 12,110 கோடியைத் தள்ளுபடி செய்தது. அதைக் கண்டவர்கள் கல்விக் கடனும் ஒரு நாள் அவ்வாறே மறைந்துவிடும் என நம்பினர். மத்திய அரசு 2009-இல் கொண்டுவந்த வட்டி மானியமும் படிப்புக் காலத்துக்கும் அதையடுத்த அவகாசத்துக்கும் மட்டுமே உரியது. அதன்பின் வட்டி நம் தலையில்தான். தவணை 90 நாள் தவறினால் வாராக்கடன் என்ற பெயரும் வந்துவிடுகிறது.

அச்சமும் பொய்யன்று. பொதுத்துறை வங்கியொன்று தன் கல்விக் கடன்களைத் தனியார் நிறுவனமொன்றிடம் ஒப்படைத்திருந்த வேளை, 2016 ஜூலையில், மதுரையில் பொறியியல் பட்டதாரி ஒருவர் உயிரை மாய்த்துக் கொண்டார். வசூலிக்க வந்தோரின் நெருக்கடியே காரணம் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அச்செய்தி நம் தாய்மாரின் நெஞ்சை விட்டு இன்னும் அகலவில்லை. காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூல் முகவர்கள் கடனாளியை அழைக்கலாகாது என ரிசர்வ் வங்கி 2022-இல் விதித்ததை அறிந்தோர் சிலரே.

சென்ற ஆண்டு நம் பங்கின் விவசாயி ஒருவர் நீதிமன்ற முத்திரையிட்ட தாளுடன் வந்தார். "சாமி, வீட்டுக்குப் போலீசு வருமா?" என்றார். அது கைதாணை அன்று. பெரம்பலூரில் கூடவிருந்த மக்கள் நீதிமன்றத்துக்குச் சமரசம் பேச வருமாறு வந்த அழைப்பு. மகன் பொறியியல் முடித்துத் திருப்பூரில் பனியன் கம்பெனியொன்றில் கணக்கெழுதுகிறான். வாங்கியது ரூ. 2,40,000, நின்றது நான்கு லட்சத்துக்கு மேல். தந்தையும் கூட்டாகக் கையெழுத்திட்டவர். கந்துவட்டிக்கு வாங்கி அடைத்துவிடலாம் என உறவினர் ஒருவர் யோசனை கூறினாராம். அதை மட்டும் நாம் கடுமையாகவே தடுத்தோம்.

குறித்த நாளுக்கு முன்பே மூவருமாக வங்கிக் கிளைக்குச் சென்றோம். வாங்கியதைத் திருப்பித் தருவது நீதி. ஏழாம் கட்டளை வங்கிக்குப் பொருந்தாதென்று எந்த ஞானோபதேசத்திலும் நாம் படித்ததில்லை! ஆயினும் வழக்காளியோடு வழியிலேயே சமாதானம் ஆகச் சொன்னவரும் நம் ஆண்டவரே. மகனின் சம்பளச் சீட்டையும் நிலத்தின் சிட்டாவையும் மேலாளர் பொறுமையாகப் பார்த்தார். ரூ. 2,70,000 என்று பேசி முடிந்தது. இரண்டே மாதத்தில் தருவதாகத் தந்தை வாயெடுத்தார்; மகன் அவர் கையைப் பற்றி நிறுத்தி, மூன்று தவணை கேட்டான்.

மகன் செய்ததே சரி. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி மக்கள் நீதிமன்றத் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். அதற்கு மேல்முறையீடு கிடையாது. கட்ட முடியாத தவணையை ஒப்புக்கொண்டு வருவதைக் காட்டிலும் முடியாதென்று அங்கேயே சொல்லிவிடுவது மேல்.

இன்னொன்றையும் அவனுக்குச் சொன்னோம். குறைத்துக் கட்டிய கடன் சிபில் பதிவேட்டில் முழுதும் அடைத்த கடனாக நிற்பதில்லை. 'செட்டில்ட்' என்றே நிற்கும். பின்னாளில் வீட்டுக் கடன் கேட்கையில் அது குறுக்கே வரும். நிலையான வருமானம் உள்ளவர்கள், தொகையைக் குறைக்கக் கேட்பதினும் தவணையை நீட்டிக் கேட்பதே நலம் என்பது நம் கருத்து. அவனோ, "அப்பா நிம்மதியாத் தூங்கட்டும் சாமி" என்றான்.

இரண்டு தவணை கட்டியாயிற்று. மூன்றாவது, தையில் மக்காச்சோளம் விற்றபின். நிலுவையில்லாச் சான்றிதழைக் கேட்டு வாங்கும்படி சொல்லியிருக்கிறோம். இளைய மகள் இப்போது பன்னிரண்டாம் வகுப்பில். செவிலியர் படிப்புக்குக் கடன் கிடைக்குமா என்று தாய் கேட்கிறார். வங்கியில் தந்தையின் பெயரைத்தான் முதலில் பார்ப்பார்கள், அதை மறைக்காமல் சொல்லிக் கேளுங்கள், கையெழுத்திடுமுன் தாளை நம்மிடம் கொண்டு வாருங்கள் என்றோம்.