திடலும் பூட்டும்

எங்கள் தெருமுனைத் திடலில்தான் நாங்கள் கில்லியும் பம்பரமும் பச்சைக்குதிரையும் ஆடி வளர்ந்தோம். இன்று அங்கே கம்பிவேலி நிற்கிறது. வாயிலில் பூட்டுத் தொங்குகிறது. மாலையில் ஒருமணி நேரம் திறக்கிறார்கள். உள்ளே சறுக்குமரமும் ஊஞ்சலும் உண்டு, பிள்ளைகள்தாம் இல்லை. நிழலற்ற வெளியில் பகலெல்லாம் காய்ந்த இரும்பைத் தொட அவர்கள் அஞ்சுகின்றனர்.

இந்நிலையில் ஆம்ஸ்டர்டாம் நகரம் எங்கள் நினைவுக்கு வருகிறது. போர் ஓய்ந்தபின், 1947இல், ஆல்டோ வான் எய்க் என்னும் இளங்கட்டடக் கலைஞர் அங்கே தம் முதல் ஆடுகளத்தை அமைத்தார். ஒரு மணற்குழி, அதனுள் சில கற்கள், குட்டிக்கரணமடிக்கக் கம்பிகள், சுற்றிலும் மரங்கள், பெரியோர் அமர இருக்கைகள், அவ்வளவே. இன்னதுதான் ஆடவேண்டும் என்று அவை கட்டளையிடவில்லை. தத்தம் பகுதிக்கும் வேண்டுமென மக்கள் மாநகராட்சிக்குக் கடிதம் எழுதினர். 1978க்குள் வெற்று மனைகளிலும் தெருமுனைகளிலுமாக 700க்கும் மேற்பட்ட களங்கள் எழுந்தன.

நமக்கும் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. வேப்பமர நிழலும் மணலும் ஒரு திண்ணையும் திறந்த வாயிலும் போதும். அமைக்குமுன் பிள்ளைகளைக் கேட்போம். நமக்குக் கிடைத்த திடலை அவர்களுக்குத் திருப்பித் தருவது ஈகையன்று, கடன்.