கண் செய்த பிழை

அமெரிக்காவின் வட கரோலைனாவில் வயோதிக நண்பர் ஒருவரின் இல்லத்திற் சில நாட்கள் தங்கியிருந்தோம். மஸ்கடைன் என்னும் முந்திரிகை அந்நாட்டின் தென்கிழக்குப் பகுதிக்கே உரிய கொடி. ஐரோப்பிய முந்திரிகைக்கு 38 நிறமூர்த்தங்கள், இதற்கோ 40. தோல் தடித்தது, மணம் கஸ்தூரியை ஒத்தது. இதன் வெண்கல நிற இனமான ஸ்கப்பர்னோங் 2001ஆம் ஆண்டு அம்மாநிலத்தின் கனியாக அறிவிக்கப்பட்டது. செம்மதுவுக்குப் பெயர்பெற்ற இனம் நோபிள்.

ஒரு மாலை நண்பர் போத்தல்களை மறைத்துவிட்டு, இரு கிண்ணங்களை எம்முன் வைத்தார்.

"எவ்வினப் பழமென்று கூறுங்கள், பார்ப்போம்."

முதலாவது ஊதா கலந்த கருஞ்சிவப்பு. "நோபிள்" என்றோம். சரியென்றார். இரண்டாவது பழுப்பேறியிருந்தது. முகர்ந்தும் பாராமல், "இது ஏதோ ஐரோப்பிய இனம், கெட்டும் போய்விட்டது" எனத் தீர்ப்பளித்தோம்.

நண்பர் சற்றே மௌனமானார்.

"அதுவும் நோபிள்தான். காலஞ்சென்ற என் மனைவி தன் கையாற் செய்தது."

நாம் நாணித் தலைகுனிந்தோம். மஸ்கடைனின் நிறப்பொருள் ஒவ்வொன்றும் இரண்டு சர்க்கரைக் கூறுகளைத் தாங்கி நிற்பது. ஆதலின், ஐரோப்பிய மதுவின் செம்மைபோல் நாட்செல்ல உறுதிபெறாமல், விரைவிற் பழுப்பேறிவிடும். இதனை நூல்களிற் படித்திருந்தும் கண்ணையே நம்பினோம்.

மன்னிப்புக் கேட்டபின், கண்களை மூடி மீண்டும் முகர்ந்தோம். அதே கஸ்தூரி மணம் சிறிதும் குன்றாமல் எழுந்தது.

"இப்பொழுது தெரிகிறதா?" என்றார்.

தெரிந்தது. எஞ்சியதை அவரே மெல்ல அருந்தினார், நாம் கேட்கவில்லை.