மீனில்லாத படகு



நமது சபையின் சகோதரர் ஒருவர் சிம்கோ ஏரியில் மீன்பிடிக்க 14 அடி அலுமினியப் படகொன்றை வாங்கியிருக்கிறார். அதற்கு எந்த ஃபிஷ் ஃபைண்டர் பொருத்தமானது என்று என்னிடம் கேட்டார். போதகரிடம் கேட்கிற கேள்வியா இது என்று நீங்கள் நகைக்கலாம். அவருடைய 15 வயது மகன் ஆலயத்துக்கு வருவதை நிறுத்தி ஓராண்டாகிறது, வீட்டிலும் பேச்சில்லை. தூண்டில் போட மட்டும் தகப்பனோடு வருகிறான். இதை எழுத இருவரும் சம்மதித்தார்கள்.

இக்கருவி மீனைப் படம் பிடிப்பதில்லை. டிரான்ஸ்டியூசர் என்னும் பாகம் நீருக்குள் ஒலியை அனுப்பி, திரும்பிவரும் எதிரொலியைத் திரையில் வரைகிறது. மீனின் காற்றுப்பையே அவ்வொலியை வலுவாகத் திருப்புகிறது. ஒலி கூம்புபோல விரியும். 20 பாகைக் கூம்பானால், 10 மீட்டர் ஆழத்தில் ஏறக்குறைய மூன்றரை மீட்டர் அகலமுள்ள வட்டத்தையே நாம் காண்கிறோம். அதற்கு வெளியே பெருங்கூட்டமாய் மீன்கள் நின்றாலும் திரை வெறுமையே. வட்டத்துக்குள் நிற்கிற மீனும் இரையைக் கவ்வும் என்பதற்கு உறுதியில்லை.

சிம்கோவின் மிக ஆழமான கெம்பன்ஃபெல்ட் விரிகுடாவே 40 மீட்டரை ஒட்டியது. 200 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் ஐந்து அங்குலத் திரை போதும். வெயிலில் தெளிவாகத் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். ஃபைபர் படகில் டிரான்ஸ்டியூசரை உட்புறமாக ஒட்டுவோருண்டு; அலுமினியத்தில் அது பயன்தராது. பின்பலகையின் வெளிப்புறத்தில், ரிவெட் வரிசைகளை விட்டு விலக்கிப் பொருத்தவேண்டும். ரிவெட்டுகள் எழுப்பும் குமிழிகள் எதிரொலியைக் கலைத்துவிடும். வெண்கலப் பாகம் அலுமினியத்தை அரிக்குமாதலால் பிளாஸ்டிக்கே நல்லது.

சகோதரரின் மனமோ, மீனின் அசைவை அந்தந்தக் கணமே காட்டும் லைவ் சோனாரில் இருந்தது. அது பல ஆயிரம் டாலர். வேண்டாம் என்றேன், விலைக்காக மட்டுமல்ல. அதை வாங்கியவர் திரையைவிட்டுக் கண்ணெடுப்பது அரிது. மகனோ கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பான்.

லூக்கா 5-ஆம் அதிகாரத்தை நாம் பெரும்பாலும் கிழியத்தக்க வலைகளுக்காகவே நினைவுகூருகிறோம். பேதுரு அந்த ஏரியை அறியாதவரல்லர். இராமுழுதும் பிரயாசப்பட்டும் ஒன்றும் அகப்படவில்லை. ஆயினும் மூன்றாம் வசனத்தைக் கவனியுங்கள். திரளான மீன்கள் அகப்படும் முன்பே, ஒரு மீனுமில்லாத அந்தப் படவில் ஆண்டவர் ஏறி உட்கார்ந்தார். அவர் ஜனங்களுக்குப் போதித்து முடிக்குமட்டும் வலைகள் வெறுமையாகவே இருந்தன. அவ்வளவு நேரமும் பேதுரு அவர் அருகிலிருந்து கேட்டுக்கொண்டிருந்திருப்பார் என்றே எண்ணுகிறேன்.

சகோதரர் சிறிய கருவியையே வாங்கியிருக்கிறார். திரையை மகனுடைய இருக்கையின் பக்கமாகத் திருப்பி வைக்கும்படி சொல்லியிருக்கிறேன். ஆழத்தை அவன் வாசிக்கட்டும், தகப்பன் கேட்கட்டும். படகிலுள்ள ஒவ்வொருவருக்கும் அளவான லைஃப் ஜாக்கெட் இருக்கவேண்டும் என்பது கனடாவின் சட்டம். மகன் இவ்வாண்டு வெகுவாய் வளர்ந்துவிட்டான். கடைக்கு அவனையும் அழைத்துச் செல்லுங்கள்.