தனித்தனியே நிரபராதிகள்

பழைய லேப்டாப் வைத்திருப்பவரிடம் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்லியிருப்பார்: "எஸ்எஸ்டி போடுங்க, புதுசு மாதிரி ஓடும்." பொய்யில்லை. அதே மூச்சில் இன்னொரு யோசனையும் இலவசமாக வரும்: "டிவிடி டிரைவ் சும்மாதானே கிடக்கு? அதைக் கழட்டிட்டு, பழைய ஹார்டு டிஸ்க்கை அந்த இடத்துல மாட்டிக்குங்க." இதற்கென்றே கேடி என்ற பெயரில் ஒரு மெல்லிய சட்டம் விற்கிறார்கள். 9.5 மில்லிமீட்டர் கனத்தில் ஒன்று, 12.7-இல் ஒன்று. டிவிடி டிரைவுக்கு மின்சாரம் தரும் முனையில் ஆறு ஊசிகள்தான். ஹார்டு டிஸ்க் பதினைந்து கேட்கும். இந்த இரண்டையும் ஒத்துப்போகச் செய்வதுதான் கேடியின் வேலை. லேப்டாப்பில் போடும் இரண்டரை அங்குல டிஸ்க்குக்கு 5 வோல்ட் போதும் என்பதால் இந்த ஏற்பாடு நடக்கிறது. மேசைக் கணினியின் பெரிய டிஸ்க் 12 வோல்ட்டும் கேட்கும். அதை இங்கே நினைத்துப் பார்க்கவே முடியாது.

என் அண்ணன் மகளின் லேப்டாப்பில் இந்த அறுவைசிகிச்சையை அவளுடைய கல்லூரித் தோழன் ஒருவன் செய்து கொடுத்தான். விண்டோஸ் எஸ்எஸ்டியில், படங்கள், பாட்டு, பழைய ஆய்வுக் குறிப்புகள் எல்லாம் கேடிக்குள் இருக்கும் பழைய டிஸ்க்கில். இடம் கிடைக்கட்டும் என்று பழைய டிஸ்க்கிலிருந்த விண்டோஸை மட்டும் அழித்துவிட்டான். நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் காலையில் பட்டனை அழுத்தினால், கம்பெனியின் சின்னம் வந்து போனது. அப்புறம் கறுப்புத் திரை, இடது மூலையில் ஒரு சிறு கோடு மினுக் மினுக்கென்று. அவ்வளவுதான்.

"சித்தப்பா, டிஸ்க் போயிடுச்சு" என்றாள். பக்கத்துக் கடையில் ஏற்கெனவே கேட்டுவிட்டு வந்திருந்தாள். கடைக்காரர் கேடியை உருவி எடுத்துவிட்டுப் பட்டனை அழுத்தினாராம்; விண்டோஸ் வந்துவிட்டது. மறுபடி செருகினாராம், கறுப்புத் திரை. "பாத்தீங்களா மேடம், டிஸ்க்தான் அவுட்" என்று சொல்லி, புது டிஸ்க்குக்கும் பழையதிலிருந்து தகவல் மீட்பதற்கும் சேர்த்து ஒரு தொகையைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தச் சோதனையைத் தப்பென்று சொல்லமாட்டேன், அரைகுறை என்பேன். எடுத்தால் சரியாகிறது என்பதாலேயே எடுத்த பொருள் கெட்டது என்று ஆகிவிடாது. மருமகள் வந்த பிறகுதான் வீட்டில் சண்டை என்பவர்களும் இந்தத் தர்க்கத்தைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்.

டிஸ்க்கைக் கேடியிலிருந்து கழற்றி, யுஎஸ்பி ஒயர் வழியாக வேறொரு கணினியில் மாட்டினோம். எல்லாக் கோப்பும் திறந்தது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும் ஸ்மார்ட் பட்டியலிலும் பழுதான பகுதி என்று ஒன்றும் இல்லை. அப்படியானால் கேடியா? சில கேடிகளின் பக்கவாட்டில் கண்ணுக்கே தெரியாத ஒரு சுவிட்ச் இருக்கும். லேப்டாப் ரகத்துக்கு ஏற்ப அதைத் தள்ளி வைக்கவேண்டும், இல்லையென்றால் மெஷின் அடம்பிடிக்கும். இதில் சுவிட்சே இல்லை. என்னிடம் முழுக்கத் துடைத்து வைத்திருந்த வேறொரு டிஸ்க் இருந்தது. அதே கேடியில் அதை மாட்டிச் செருகினோம். விண்டோஸ் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் வந்தது. எஸ்எஸ்டி நல்லது, டிஸ்க் நல்லது, கேடி நல்லது. மூன்றும் கூடினால் மட்டும் லேப்டாப் எழுந்திருக்க மறுக்கிறது.

இங்கே வந்தபின் எந்தச் சாமான் கெட்டது என்று தேடிக்கொண்டிருந்தால் கடைசிவரை பாகம் மாற்றிக்கொண்டே இருக்கவேண்டியதுதான். பட்டனை அழுத்தியதும் மெஷின் முதலில் எங்கே போகிறது என்று பார்த்தால் வழி தெரியும். பழைய ரகக் கணினிகளில் பயாஸ் என்னும் நிரல் முதலில் விழித்து, நினைவகம், விசைப்பலகை எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு வரிசைப்படி டிஸ்க்குகளின் வாசலுக்குப் போகும். ஒவ்வொரு டிஸ்க்கிலும் அது படிப்பது முதல் 512 பைட்டுகளைத்தான். அதில் 446 பைட்டு ஒரு குட்டி நிரலுக்கு. அடுத்த 64 பைட்டில் நான்கு பகுதிகளின் விலாசம், ஒன்றுக்குப் பதினாறு வீதம். மிச்சமுள்ள இரண்டில் ஒரு முத்திரை: 55, ஏஏ. அந்த முத்திரை இருந்தால் பயாஸ் வேறெதையும் விசாரிக்காது. அந்தக் குட்டி நிரலின் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடும். 1983-இல் ஐபிஎம்மின் பிசி டாஸ் 2.0-உடன் ஹார்டு டிஸ்க்குக்கென்று வந்த ஏற்பாடு இது. அன்றைய டிஸ்க் 10 மெகாபைட். இன்றைய போனில் எடுக்கும் படங்களில் ஒரு சிலதான் அதில் அடங்கும். ஏற்பாடு மட்டும் அதற்குப் பின்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடியது.

தோழன் விண்டோஸை அழித்தபோது இந்த முதல் 512 பைட்டை அவன் தொடவில்லை. கோப்புகளை அழிக்கும் யாரும் அதைத் தொடுவதில்லை; அது எந்தக் கோப்புக்குள்ளும் இல்லை. டாக்டர் ஊரைவிட்டே போன பிறகும் வாசலில் அவர் பெயர்ப் பலகை தொங்கிக்கொண்டிருக்கும் அல்லவா? பலகையைப் பார்த்து உள்ளே போன பயாஸ் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. சில டிஸ்க்குகளில் இந்த இடத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி புலம்பலாவது வரும். இதில் கோடு மினுங்கியதோடு சரி. பெரும்பாலும் அந்தக் குட்டி நிரல் வாங்கிய சாவியைத் திருப்பித் தருவதில்லை. அதனால் அடுத்த வாசலில் முழு ஆரோக்கியத்தோடு எஸ்எஸ்டி காத்திருந்தும் அதன் முறை வரவேயில்லை. நான் துடைத்து வைத்திருந்த டிஸ்க்கில் முத்திரையும் அழிந்திருந்தது. பயாஸ் அதைத் தாண்டிப் போய்விட்டது.

பட்டனை அழுத்திய கையோடு எஃப்12-ஐத் தட்டினால் (கம்பெனிக்குக் கம்பெனி இந்த விசை மாறும்) எதிலிருந்து தொடங்கட்டும் என்று ஒரு பட்டியல் வரும். எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுத்தோம். பழைய டிஸ்க் உள்ளே இருக்கும்போதே விண்டோஸ் வந்தது. பயாஸுக்குள் போய் வரிசையில் எஸ்எஸ்டியை முதலாவதாக நகர்த்திச் சேமித்தாயிற்று. அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

எனக்கு ஒரு நெருடல் மட்டும் போகவில்லை. நேற்றுவரை ஓடியது எப்படி? டிஸ்க்கும் மாறவில்லை, முத்திரையும் மாறவில்லை. அப்படியானால் வரிசைதான் மாறியிருக்கவேண்டும். யாரும் பயாஸுக்குள் போகாமல் வரிசை ஏன் மாறுகிறது? "இடையில வேற ஏதாவது வித்தியாசமா இருந்துச்சாம்மா?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல சித்தப்பா. கொஞ்ச நாளா காலைல திறந்தா பாதி வெப்சைட் பாதுகாப்பில்லன்னு சொல்லும், அப்புறம் தானா சரியாயிடும்" என்றாள். ஒன்றுமில்லை என்று ஆரம்பிக்கும் பதிலில்தான் பெரும்பாலும் விஷயம் இருக்கும். வலைத்தளங்களின் சான்றிதழ்களுக்குத் தேதி உண்டு. கணினியின் கடிகாரம் பல வருடம் பின்னால் நின்றால் அவை செல்லாது என்று பிரவுசர் தடுக்கும். இணையத்திலிருந்து நேரத்தைத் திருத்திக்கொண்டதும் எல்லாம் அடங்கிவிடும். காலையில் மட்டும் கடிகாரம் பின்னால் போகிறதென்றால் இரவில் அதற்குச் சோறு போடுவது யார்?

ஒரு பட்டன் பேட்டரி. கைக்கடிகாரத்தில் இருப்பதைவிடச் சற்றுப் பெரியது, 3 வோல்ட், பெரும்பாலும் சிஆர்2032. கணினி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவதும், அந்தக் காலத்து மெஷின்களில் பயாஸ் அமைப்புகளைக் காப்பதும் அதன் பொறுப்பு. லேப்டாப்பின் பெரிய பேட்டரியில் சார்ஜ் இருக்கும்வரை இதற்கு வேலை குறைவு. அவளுடைய பெரிய பேட்டரி செத்து வெகுகாலமாகிறது. சார்ஜரைப் பிடுங்கினால் மெஷின் பொத்தென்று அணையும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இரவில் பிளக்கைப் பிடுங்கி வைப்பது எங்கள் அண்ணியின் சட்டம். பட்டன் பேட்டரியும் சோர்ந்துபோய், ஓர் இரவில் பயாஸ் தன் நினைவை இழந்து ஆலையில் வைத்த வரிசைக்குத் திரும்பிவிட்டது. அந்த வரிசையில் டிவிடி வாசல்தான் முன்னால் இருந்தது.

பிளக்கைப் பிடுங்கி ஒரு ராத்திரி விட்டுப் பார்த்தோம். மறுநாள் கறுப்புத் திரை, மினுங்கும் கோடு. பயாஸுக்குள் தேதி 2012-க்குப் போயிருந்தது.

விசைப்பலகையைத் தூக்கினால் அதன் அடியில், மஞ்சள் பிளாஸ்டிக் உறை போட்டு இரண்டு ஒயர் சாலிடர் செய்த அந்தப் பேட்டரி இருந்தது. சென்னை ரிச்சி தெருவில் அதே முனையோடு ஒன்று வாங்கி வந்து மாற்றினோம். கடைக்காரர் எழுதிக் கொடுத்த தொகையைச் சொன்னால் அந்தத் தெருவில் சிரிப்பார்கள்.

2012-இல் விண்டோஸ் 8 வந்த பிறகு விற்பனையான லேப்டாப்களில் பயாஸுக்குப் பதிலாக யுஇஎஃப்ஐ வந்துவிட்டது. எந்த டிஸ்க்கின் எந்தப் பகுதியில் எந்தக் கோப்பைத் திறக்கவேண்டும் என்று அது மதர்போர்டிலேயே குறித்து வைத்துக்கொள்ளும், பேட்டரி போனாலும் அழியாத சிப்பில். அதனால் இந்தக் கூத்து குறைவு. வேறு கூத்து உண்டு. பழைய டிஸ்க்கைக் கழற்றாமல் எஸ்எஸ்டியில் விண்டோஸ் ஏற்றினால், தொடக்கக் கோப்புகளை அது பழைய டிஸ்க்கில் போய் வைத்துவிடலாம். பிறகு பழையதைக் கழற்றினால் புதியது எழாது. அதனால்தான் விண்டோஸ் ஏற்றும்போது மற்ற டிஸ்க்கைக் கழற்றி வைக்கச் சொல்கிறார்கள்.

கேடியைச் செருகிய பிறகு ஓட்டை தெரியக்கூடாது என்று, பழைய டிவிடி டிரைவின் முகப்பை நோகாமல் பெயர்த்துக் கேடியின் முன்னால் ஒட்டியிருந்தான் அந்தத் தோழன். வெளியிலிருந்து பார்த்தால் டிவிடி டிரைவேதான், பட்டன் உட்பட. போன வாரம் அண்ணியின் தம்பி, தன் கல்யாண வீடியோ டிவிடியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பட்டனை அழுத்து அழுத்தென்று அழுத்தினார். "என்னம்மா, இதுவும் போயிடுச்சா?" என்று கேட்டவருக்கு, அதன் உள்ளே இருப்பது ஹார்டு டிஸ்க் என்பதை அவள் முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தாள்.